மூன்றா நான்கா

அல்-ராய் வெள்ளிச் சந்தையில்
ஒன்றரை தினாருக்குக் கிடைத்தது.
ரப்பர் விசைகள், வீட்டில் சும்மா கிடந்த டிவியே போதும் திரைக்கு.
"வேலை செய்யாது" என்றார் ஃபத்ஹி
உத்தரவாதம் தருகிற குரலில்.

அறையில் மேசை கிடையாது.
இரவு பத்துக்கு இசக்கியப்பன் பேக்கரிக்குக் கிளம்பினால்
கட்டில் எனக்கு.
காலை ஆறரைக்கு நான் எழுந்து போக
ஈஸ்ட் வாசனையோடு அவன் வந்து விழுவான்.
நாலு வருஷமாய் ஒரே தலையணை,
உறை மட்டும் தனித்தனி.
வெள்ளிக்கிழமைகளில் யாராவது ஒருவர் தரையில்.

மெத்தைமேல் அரபிச் செய்தித்தாளை விரித்து
ஐந்து திருகாணி கழற்றினேன்.

எட்டு சிப்புகள் ஒரு வரிசையில்.
அறுபத்து நான்காய்ப் பிறக்க வேண்டியவை;
சோதனையில் ஒரு பாதி தோற்றதும்
முப்பத்திரண்டு என்று பெயர் மாற்றி
மலிவாய் விற்றிருக்கிறார்கள்.
எந்தப் பாதி நல்லதென்று
முதுகின் கடைசி எண் சொல்லும்.
மூன்று என்றால் இது, நான்கு என்றால் அது.
பலகையில் மூன்று துளை.
நடுத்துளையிலிருந்து இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ
ஒரு துண்டுக் கம்பி.
ஜம்பர் என்பது அவ்வளவுதான்,
பல்குத்தக்கூட நீளம் போதாது.

ஒரே நிபந்தனை:
எட்டும் ஒரே பாதியில் பழுதாகியிருக்க வேண்டும்.

லென்ஸ் வைத்துப் பார்த்தேன்.
மூன்று மூன்று மூன்று மூன்று
மூன்று மூன்று நான்கு
மூன்று.

எவனோ ஒரு மெக்கானிக்,
ஹவல்லியில் மாடிப்படிக்குக் கீழே கடை வைத்திருந்தவனாய் இருக்கும்,
கையில் அகப்பட்டதைச் சொருகிக்
காசு வாங்கியிருக்கிறான்.
திட்டினேன்.
அவன் ஈயம் வைத்திருந்த சுத்தத்தைப் பார்த்துவிட்டுத்
திட்டை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

உன் நினைவு எதுவரை என்று தட்டிக் கேட்டேன்.
முப்பத்தொன்பதாயிரத்து நூற்றிரண்டு என்றது.
கம்பியை மறுபக்கம் மாற்றினேன்.
முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தேழு.
இந்தப் பக்கம் ஒருவன் தோற்கிறான்,
அந்தப் பக்கம் ஏழு பேர்.
மூன்றாவது பக்கம் என்று ஒன்றை
யாரும் துளைத்து வைக்கவில்லை.

இரண்டு மணிக்குக் கதவு திறந்தது.
பர்னர் வெடித்துப் பேக்கரி இருட்டாம்.
"என்னலே, என் கட்டில்ல பிரசவம் பாக்கியா?"
"இப்ப இது என் கட்டில்" என்றேன்.
உட்கார இடமில்லாமல் நின்றபடியே
முழுக்கதையும் கேட்டான்.
"பாதி பாதியாத்தான் வருமா?
முழுசு ஒண்ணு கெடைக்காதா?"

எனக்குத் தோன்றவே இல்லை.
முழுசுக்கு எந்தப் பக்கமும் சம்மதம்தானே.

கட்டிலுக்கடியில் அட்டைப்பெட்டியில்
அரபி விசைகளோடு செத்துப்போன ஒரு கணினி கிடந்தது.
அவன் டார்ச் பிடித்தான்.
வெடித்த பர்னர் கரி அப்பியிருந்த கை,
ஆனாலும் வெளிச்சம் ஆடவில்லை.
பதினாறு கால்களையும் ஒவ்வொன்றாய் விடுவித்து
நான்கு இருந்த இடத்தில் முழுசை இறக்கினேன்.
கம்பியைப் பழையபடி மூன்றுக்குத் திருப்பினேன்.

அறுபத்தைந்தாயிரத்து
ஐந்நூற்று
முப்பத்தைந்து.
ஏலம் போடுகிறவன் மாதிரி அவன்தான் வாசித்தான்.

"புதுசா வச்சோமே, அதுல மிச்சப் பாதி?"
"நல்லாத்தான் இருக்கு."
"யாரு கேப்பா அத?"
"யாரும் கேக்க மாட்டாங்க."
உதட்டைப் பிதுக்கிக்கொண்டான்.

ஏசி சொட்டியது, கீழே வாளியில்.
நானும் படுக்கவில்லை.
அவன் தரையில் முட்டி போட்டு,
கோமு என்று மகள் பெயரை அடிக்கப் போனான்.
போன தடவை பார்த்தபோது அவளுக்குப் பல் முளைக்கவில்லை.
அந்தக் கணினியில் முதல் அழுத்தத்துக்கு எழுத்து வராது,
முழுக் கட்டளைதான் வரும்.
நான் சொல்வதற்குள் ஆங்கில 'ஜி'யை அமுக்கிவிட்டான்.

போ என்று திரையில் வந்தது.
எந்த வரிக்கு என்று கேட்டு
மின்னிக்கொண்டே நின்றது.